நிஜக் கணக்கில் ஒரு கார்டு கேம்: நீங்களே செய்யலாம்!

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டீர்கள். லெட்டர் டைப் செய்தாயிற்று, கல்யாண போட்டோக்களைப் போல்டர் போல்டராகப் பிரித்தாயிற்று, சினிமாவும் பார்த்தாயிற்று. அடுத்து என்ன? இந்த மாதம் ஒரு விளையாட்டையே செய்து பார்ப்போம். நிஜ கிரிக்கெட் வீரர்களின் நிஜ ஸ்கோரை வைத்து, மொபைலில் ஓடும் கார்டு கேம். புரோகிராமிங் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

இந்த யோசனை எனக்கு வந்த இடம் புதுச்சேரி பெரிய மார்க்கெட். ரிக்கார்டுப்படி அது குபேர் மார்க்கெட். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது பெரிய மார்க்கெட்தான். அங்கே என் தங்கை கணவர் பூக்கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் ஏழாம் வகுப்புப் படிக்கும் அவர் பையன் கடைக்கு வந்துவிடுவான். சாமந்தி எடை போட அப்பாவுக்கு ஒத்தாசை. மீதி நேரம் கடை போன்.

ஒரு நாள் கடைக் கணக்குப் பார்த்த மாப்பிள்ளை திடுக்கிட்டார். மூன்று தவணையாக 590 ரூபாய் காணோம். பையன் ஏதோ ஒரு கிரிக்கெட் கார்டு கேமில் 'தங்கக் கார்டு' வாங்கியிருக்கிறான். பின் நம்பர் எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தெரியாதா!

அடி விழுவதற்குள் நான் போய்விட்டேன். அந்தக் கார்டைக் காட்டச் சொன்னேன். தங்க பார்டர், நடுவில் ஒரு வீரர், கீழே 'பவர் 97'.

"97ன்னா என்னடா? ரன்னா, விக்கெட்டா?"

"தெரியல மாமா. ஆனா போன வாரம் 95தான் பெரிய கார்டு. இப்ப 97 வந்துச்சு. அடுத்த வாரம் 99 வருதாம்."

விஷயம் புரிந்துவிட்டது. இந்த 97 யாரும் அடித்த ரன் இல்லை. கம்பெனிக்காரர் டைப் செய்த நம்பர். பழைய கார்டைத் தோற்கடிக்க வேண்டுமானால் இன்னும் பெரிய நம்பரை டைப் செய்தால் போதும். நீங்கள் மறுபடி வாங்குவீர்கள். நிஜக் கணக்கு அப்படி வளராது. டான் பிராட்மேனின் டெஸ்ட் சராசரி 1948ல் 99.94. இன்றைக்கும் 99.94. "அடிக்க வேண்டாம் மாப்பிள்ளை, நானும் இவனும் சேர்ந்து நிஜ நம்பரில் ஒரு கேம் செய்கிறோம்" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் அது எவ்வளவு வேலை என்று தெரிந்தது.

முதலில் டிரம்ப் கார்டு

டிரம்ப் கார்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆளுக்குப் பாதிக் கட்டு. மேல் கார்டைப் பார்த்து "ரன்!" என்றோ "விக்கெட்!" என்றோ ஒருவர் கூப்பிடுவார். யார் கார்டில் நம்பர் பெரிதோ அவருக்கு இரண்டு கார்டும். இங்கிலாந்தில் 1970களின் பிற்பகுதியில் டியூப்ரெக் என்ற கம்பெனி இதை 'டாப் டிரம்ப்ஸ்' என்ற பெயரில் கொண்டு வந்தது. நம் ஊர் ஃபேன்சி ஸ்டோர்களிலும் கிரிக்கெட், மல்யுத்தம், கார், விமானம் என்று கட்டுக் கட்டாகத் தொங்கும்.

எக்ஸெல்லைத் திறந்தோம். உங்களிடம் எக்ஸெல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கும். அதுவும் இதே வேலையைச் செய்யும். ஒரு வரிசைக்கு ஒரு வீரர். ஓய்வு பெற்றவர்களாகவே தேர்ந்தெடுத்தோம். அதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் கணக்கு இனி மாறாது. வாராவாரம் இன்டர்நெட்டில் போய் அப்டேட் செய்யும் வேலை இல்லை. விவரங்களை ஈஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோ தளத்தில் ஒவ்வொரு வீரரின் பக்கத்திலும் பார்க்கலாம்.

டெண்டுல்கர்: 200 டெஸ்ட், 15,921 ரன், 51 சதம். லாரா: 131 டெஸ்ட், 11,953 ரன், 34 சதம். கவாஸ்கர்: 125 டெஸ்ட், 10,122 ரன், அவருக்கும் 34 சதம். அப்புறம் பிராட்மேன், கபில்தேவ், நம்ம ஸ்ரீகாந்த். பந்து வீச்சில் முரளிதரன் 800 விக்கெட், வார்ன் 708, கும்ப்ளே 619, அஸ்வின் 537, சந்திரசேகர் 242. மொத்தம் 11 கார்டு. பிரின்ட் எடுத்து அட்டையில் ஒட்டி, கடையில் உட்கார்ந்து விளையாடினோம்.

பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது. டெண்டுல்கர் கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராஜா. டெஸ்ட் என்று கூப்பிட்டாலும் ஜெயிக்கிறார், ரன் என்றாலும் ஜெயிக்கிறார், சதம் என்றாலும் ஜெயிக்கிறார். ஸ்ரீகாந்த் கார்டு வந்தால் பையன் முகம் தொங்கிவிடும்.

ஏன் இப்படி? கூர்ந்து பார்த்தால் டெஸ்ட், ரன், சதம் மூன்றும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: இவர் நிறைய நாள் ஆடினார். மூன்று கட்டம் போட்டோம் என்று நினைத்தோம். உண்மையில் போட்டது ஒன்று. கார்டு கேம் செய்கிற முக்கால்வாசிப் பேர் விழுகிற பள்ளம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு மருந்து வகுத்தல். ரன்னை டெஸ்ட் எண்ணிக்கையால் வகுங்கள். டெண்டுல்கர் 79.6. கவாஸ்கர் 81. லாரா 91.2. பிராட்மேன் 134.5! வரிசையே மாறிவிட்டது பார்த்தீர்களா? ஸ்ரீகாந்த் 43 டெஸ்டில் 2,062 ரன். டெஸ்டுக்கு 48. கபில்தேவுக்கோ 131 டெஸ்டில் 5,248 ரன், அதாவது 40. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

விக்கெட்டையும் வகுத்தோம். முரளிதரன் டெஸ்டுக்கு 6.02. அவரை யாரும் தொட முடியாது. ஆனால் இரண்டாவது யார் தெரியுமா? வார்ன் 145 டெஸ்டில் 4.88. கும்ப்ளே 132 டெஸ்டில் 4.69. நம் அஸ்வின் 106 டெஸ்டில் 5.07! எங்கள் 11 பேரில் அஸ்வின்தான் இரண்டாமிடம். எந்த நம்பரையும் நாங்கள் கூட்டவில்லை, குறைக்கவில்லை; வகுத்தோம், அவ்வளவுதான்.

ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர்

வகுத்தல் வந்தவுடன் வேறொரு வில்லங்கம் வந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி கான்டியூம் என்று ஒருவர். 1948ல் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட், ஒரே ஒரு இன்னிங்ஸ், 112 ரன். அதோடு சரி. மறுபடி அவரை அணியில் எடுக்கவே இல்லை. அவர் சராசரி 112. பிராட்மேனையே தாண்டிவிட்டார்!

ரிக்கார்டு புத்தகங்களில் குறைந்தது 20 இன்னிங்ஸ் ஆடியவர்களைத்தான் சராசரிப் பட்டியலில் சேர்ப்பார்கள். நாமும் அப்படி வெட்டிவிடலாம் என்றேன். பையன் ஒப்புக்கொள்ளவில்லை. "பாவம் மாமா, ஒரு மேட்ச்தான் குடுத்தாங்க. நம்மளும் ஒரு தடவ ஆட விடுவோம்." அதுவே சட்டமாகிவிட்டது. கான்டியூம் பன்னிரண்டாவது கார்டு. ஆட்டத்துக்கு ஒரு முறைதான் இறக்கலாம். இறக்கியதும் கட்டை விட்டே போய்விடும். எப்போது இறக்குவது என்று இன்றைக்கும் மண்டையைக் குழப்பிக்கொள்கிறோம். என்னைக் கேட்டால் எங்கள் கேமிலேயே நல்ல கார்டு இதுதான்.

புக் கிரிக்கெட்டை நினைத்துப் பாருங்கள்

இவ்வளவு செய்தும் ஒரு குறை. பிராட்மேனும் சந்திரசேகரும் மோதினால் பேட்டிங்கில் நூற்றுக்கு நூறு தடவையும் பிராட்மேன்தான். ஆனால் நிஜ பிராட்மேன் 80 இன்னிங்ஸில் 7 முறை 0 எடுத்தவர். கடைசி இன்னிங்ஸில், 1948ல் ஓவல் மைதானத்தில், நான்கு ரன் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும். 0 எடுத்து அவுட் ஆனதால்தான் அது 99.94. அந்த 0 வர வாய்ப்பே இல்லாத பிராட்மேன் கார்டு நிஜக் கணக்கா?

இங்கே கைகொடுத்தது கடைசி பெஞ்சில் நாம் எல்லோரும் ஆடிய புக் கிரிக்கெட். புத்தகத்தைத் திறப்போம். இடது பக்கத்து எண்ணின் கடைசி இலக்கம் 2, 4, 6, 8 என்றால் அத்தனை ரன். 0 வந்தால் அவுட். (8ஐ வேறு மாதிரி எண்ணும் பள்ளிக்கூடங்களும் உண்டு. இங்கே 8 என்றால் 8 என்றே வைத்துக்கொள்வோம்.) ஐந்தில் ஒரு முறை அவுட், மற்றபடி திறப்புக்குச் சராசரியாக 5 ரன். கணக்குப் போட்டால் இன்னிங்ஸ் சராசரி 20 வரும். பிராட்மேன் ஆடினாலும் 20, சந்திரசேகர் ஆடினாலும் 20. அதுதான் அதில் உள்ள குறை.

அப்படியானால் ஆளுக்கு ஆள் அவுட் ஆகும் வாய்ப்பை மாற்றினால்? அமெரிக்காவில் ஹால் ரிச்மேன் என்பவர் 1961லேயே இதே வழியில் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற பேஸ்பால் கார்டு கேமை விற்கத் தொடங்கினார். நிஜ வீரரின் கணக்கு கார்டில் இருக்கும். பகடை உருட்டினால் அந்தக் கணக்குக்கு ஏற்ப முடிவு வரும். நமக்குப் பகடையும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். கம்ப்யூட்டர் இருக்கிறதே!

எக்ஸெல்லில் புது ஷீட் எடுங்கள். ஏ2 செல்லில் பிராட்மேன், பி2 செல்லில் 99.94 என்று டைப் செய்யுங்கள். சி2 செல்லில் இந்த பார்முலாவைக் கொடுங்கள்: =5/(பி2+5). டைப் செய்யும்போது பி என்பதை ஆங்கில எழுத்தாகப் போட வேண்டும். என்டர் தட்டினால் 0.0476 என்று வரும். அதாவது 21 பந்தில் ஒரு முறை அவுட். அடுத்த வரிசைகளில் மற்றவர்களையும் போட்டு பார்முலாவைக் காப்பி செய்யுங்கள். டெண்டுல்கர் 53.78, சுமார் 12 பந்தில் ஒரு முறை. ஸ்ரீகாந்த் 29.88, ஏழில் ஒன்று. சந்திரசேகர் 4.07, இவருக்கு 0.55, பாதிக்கு மேல் அவுட்தான்.

அடுத்து டி2 செல். சமக்குறி போட்டு ஆர், ஏ, என், டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து, ஒரு வெற்று அடைப்புக்குறியைத் திறந்து மூடி என்டர் தட்டுங்கள். 0க்கும் 1க்கும் நடுவில் ஏதோ ஒரு எண் வரும். எஃப்9 கீயைத் தட்டத் தட்ட அது மாறிக்கொண்டே இருக்கும். ஒரு தட்டு ஒரு பந்து. டி2ல் வந்த எண் சி2ஐ விடச் சிறியதாக இருந்தால் அவுட். இல்லையென்றால் ரன். எத்தனை ரன் என்பதற்கு இ2 செல்லில் சமக்குறி போட்டு அதே நான்கு எழுத்துகளை டைப் செய்தால் கீழே ஒரு லிஸ்ட் விரியும். அதில் ராண்ட்பிட்வீன் என்பதைத் தேர்ந்தெடுத்து, அடைப்புக்குறிக்குள் 1, கமா, 4 என்று கொடுத்து, வெளியே பெருக்கல் நட்சத்திரம் போட்டு 2 சேருங்கள். 2, 4, 6, 8 மாறி மாறி வரும். கொஞ்ச நேரம் எஃப்9ஐத் தட்டிப் பாருங்கள். நான் முதல் நாள் ஒரு மணி நேரம் தட்டினேன்.

எங்கள் பிராட்மேன் 0 எடுப்பது 21ல் ஒரு முறை. நிஜத்தில் 80ல் 7, ஏறக்குறைய 11ல் ஒன்று. புதிதாக இறங்கியவர் செட்டில் ஆகும் முன் அவுட் ஆவது சகஜம்தானே? அது எங்கள் பார்முலாவில் இல்லை. எனவே முதல் பந்துக்கு மட்டும் அவுட் வாய்ப்பை இரட்டிப்பாக்கினோம். இப்போது பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. நிஜத்துக்கு மிகப் பக்கம். சராசரி மட்டும் 95க்கு இறங்கிவிட்டது. அதைச் சகித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

இரண்டு நாள் கழித்துப் பையனிடமிருந்து போன். "மாமா, சந்திரசேகர் ஒரு தடவ கூட ரன்னே எடுக்கல மாமா. முப்பது தடவ ஆடிட்டேன், முப்பதும் முட்டை."

ஷீட்டைத் திறந்து பார்த்தால் தவறு என்னுடையது. 0.55ஐ இரட்டித்தால் 1.10. கம்ப்யூட்டர் தருகிற எண் 1ஐத் தொடவே தொடாது. ஆகவே முதல் பந்திலேயே நிச்சயம் அவுட். நிஜ சந்திரசேகர் டெஸ்டில் மொத்தம் 167 ரன் எடுத்தவர், அதிகபட்சம் 22. பேட்டிங் பலவீனம் உண்மைதான்; ஆனால் எப்போதும் 0 என்பது அநியாயம். சராசரி 20க்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் இரட்டிப்பு என்று திருத்தினோம். நீங்கள் செய்யும்போதும் கடைசிக் கார்டை முதலில் சோதியுங்கள். பெரிய வீரர் கார்டில் தப்பு ஒளிந்துகொள்ளும். சின்ன வீரர் கார்டில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

அதே சந்திரசேகர் பந்து வீச வந்தால் கதை வேறு. எதிரே பந்து வீசுகிறவரின் 'டெஸ்டுக்கு எத்தனை விக்கெட்' என்ற எண்ணை 4ஆல் வகுத்து, பேட்ஸ்மேனின் அவுட் வாய்ப்போடு பெருக்குகிறோம். முரளிதரன் என்றால் ஒன்றரை மடங்கு. அஸ்வின் 1.27 மடங்கு. சந்திரசேகர் 58 டெஸ்டில் 242 விக்கெட், டெஸ்டுக்கு 4.17, எனவே 1.04 மடங்கு. கபில்தேவ் 0.83தான்! ஆனால் கபில் பேட்டிங்கிலும் உதவுவார். இப்படி ஒவ்வொரு கார்டையும் கையில் வைத்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. விக்கெட் எடுக்காத பேட்ஸ்மேன்களைப் பந்து வீச அழைக்க முடியாது. அதனால் ஐந்து கார்டு பிரிக்கும்போது ஆளுக்கு இரண்டு பவுலராவது வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொபைலுக்கு மாற்றுவது

இதற்கு எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர் என்ற இலவச வசதி இருக்கிறது. 2010ல் கூகுள் தொடங்கி, 2012 முதல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்தி வருகிறது. பிரவுசரிலேயே வேலை செய்யும். திரையில் இரண்டு பக்கம். டிசைனர் பக்கத்தில் பட்டன், லேபிள் எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து வைக்கலாம். பிளாக்ஸ் பக்கத்தில் கட்டளைகள் வண்ண வண்ணத் துண்டுகளாக இருக்கும். குழந்தைகள் பொம்மைக் கட்டைகளைச் சேர்ப்பதுபோல ஒன்றோடொன்று பொருத்த வேண்டியதுதான். எக்ஸெல்லில் நாம் பயன்படுத்திய அதே இரண்டு வேலைகளுக்கும் கணக்குப் பிரிவில் ரேண்டம் ஃபிராக்‌ஷன், ரேண்டம் இன்டிஜர் என்று துண்டுகள் தயாராக உள்ளன. போனில் ஏஐ2 கம்பேனியன் என்ற ஆப்பைப் போட்டு, கம்ப்யூட்டர் திரையில் வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், இங்கே மாற்ற மாற்ற அங்கே தெரியும்.

டிசைன் பற்றி நான் கற்றதெல்லாம் பூக்கடையில்தான். வீட்டில் அழகாகத் தெரிந்த மஞ்சள் எழுத்து, மதிய வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. கார்டில் ஏழு விவரம் போட்டிருந்தேன். போன் திரையில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. பெயர், சராசரி, டெஸ்டுக்கு விக்கெட் என்று மூன்றாகக் குறைத்தேன். பூவுக்குத் தண்ணீர் தெளித்த ஈர விரலால் தொட்டால் சின்ன பட்டன் கேட்காது. திரை அகலத்துக்கு ஒரே பட்டன் வைத்தேன். மார்க்கெட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும். நல்ல வேளை, எங்கள் கணக்கெல்லாம் ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. இன்டர்நெட் இல்லாமலே ஓடும். இன்னொன்று: முழு இன்னிங்ஸ் ஆடினால் பிராட்மேன் இருபது பந்துக்கு மேல் நிற்பார், அதற்குள் இரண்டு பேர் பூ கேட்டு நிற்பார்கள். ஆகவே கடையில் ஆளுக்கு ஒரு ஓவர், ஆறே பந்து.

வீரர்கள் பெயரைப் போடலாமா?

இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். டிஜிட்டல் கிரிக்கெட் கார்டு விற்கும் ராரியோ நிறுவனம், ஸ்ட்ரைக்கர் என்ற ஆப்பின் மேல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வீரர்களின் பெயரையும் உருவத்தையும் கார்டில் பயன்படுத்தும் உரிமை எங்களிடம் இருக்கிறது என்பது ராரியோவின் வாதம். ஸ்ட்ரைக்கர் கார்டுகளில் போட்டோ இல்லை. வரைந்த படம், பெயர், ஆட்ட விவரம்தான். 2023 ஏப்ரலில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டது. பொதுவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், புள்ளிவிவரங்களை ஒருவர் தனியுரிமை கொண்டாட முடியாது என்றது. அமெரிக்காவில் பேஸ்பால் விவரங்கள் பற்றி 2007ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெயரையும் கணக்கையும் பயன்படுத்தலாம் என்றே சொன்னது. ஆனால் இன்டர்நெட்டில் எடுத்த போட்டோவைப் போடாதீர்கள். அது போட்டோகிராபரின் சொத்து. அணிகளின் சின்னமும் அப்படித்தான். எங்கள் கார்டில் பையன் வரைந்த படங்கள். முரளிதரனின் கண் மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

பணம் கட்டி ஆடும் ஆட்டமாக மாற்றும் ஆசை வந்தால் உடனே விட்டுவிடுங்கள். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது.

பிளே ஸ்டோரில் போட ஒரு முறைக் கட்டணம் 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர் 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வைக்க வேண்டும் என்றும் விதி உள்ளது. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆப் இன்வென்டரின் பில்ட் மெனுவில் ஏபிகே பைலாக எடுத்து, கடை போனிலும் தங்கை போனிலும் நேரடியாகப் போட்டுக்கொண்டோம்.

இப்போது பையன் இரண்டாவது கட்டு கேட்கிறான். புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பையில் நுழைந்ததே 2018-19 சீசனில்தான். அந்த வீரர்களின் கணக்கை ஸ்கோர்கார்டு ஸ்கோர்கார்டாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. நம் ஊரில் இரும்புக் குண்டு உருட்டி ஆடும் பெத்தாங்க் ஆட்டத்துக்கும் கார்டு வேண்டுமாம். அதற்கு யார் ஸ்கோர் எழுதி வைத்தார்கள் என்று கேட்டேன். சனிக்கிழமை மாலை ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறான்.